உப்புக் காற்றும் ஓ.சி.டி. மிஷினும்: பராமரிப்பை யாரிடம் விடுவது?

வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. மிஷினுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறீர்களா, இல்லையா? போட்டால் இந்தத் தொகை, வருடத் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும். போடாவிட்டால் என்ஜினியர் வரும் ஒவ்வொரு முறையும் வருகைக் கட்டணம், பயணச் செலவு, ஸ்பேர் எல்லாம் தனி. டாக்டர் அதைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். கண் பரிசோதனையிலிருந்து ஜெனரேட்டர் டீசல் வரை பார்க்கிற ஆளுக்கு இதுவும் ஒரு வேலை.

எங்கள் கிளினிக் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கண்ணின் முன்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் இரண்டு, அதில் ஒன்றுக்குக் கேமரா உண்டு. விழித்திரையைப் போட்டோ எடுக்கும் ஃபண்டஸ் கேமரா ஒன்று, ஒரு ஓ.சி.டி., கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் ஒன்று, கண்ணாடிப் பவரைக் காட்டும் ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று. சின்ன இடத்துக்கு இது பெரிய சொத்துதான். சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையைப் பார்க்க மதுரைக்கு அனுப்பாமல் இங்கேயே முடிக்கிறோம் என்பது இந்த மிஷின்கள் ஓடுகிற வரைக்கும்தான்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவது. மதுரையில் இருக்கும் தனி சர்வீஸ் என்ஜினியரை, பழுது வரும்போது மட்டும் கூப்பிடுவது. நம் கிளினிக்கிலேயே ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பி, முடிந்ததை நாமே பார்த்துக்கொள்வது. மெயில் கேட்டது முதல் வழியைப் பற்றி மட்டும். ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஆம், இல்லை சொல்ல முடியாது.

இங்கே கெடுவது எது

முதலில் எங்கள் பழுது நோட்டை எடுத்துப் புரட்டினேன். கம்பெனி அனுப்பிய தாளில் ஒளி மூலம், மெயின் போர்டு, ஸ்கேன் செய்யும் நகரும் கண்ணாடி என்று பெரிய பாகங்களாகப் பார்த்து விலை போட்டுப் பயமுறுத்தியிருந்தார்கள். எங்கள் நோட்டில் அந்தப் பெயர்கள் அபூர்வம். லென்ஸில் படலம், பல்பு காண்டாக்டில் பச்சைக் களிம்பு, கேபிள் முறிவு, யு.பி.எஸ். பேட்டரி, கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, பிரிண்டர், மறுபடியும் பிரிண்டர். பக்கத்துக்குப் பக்கம் இதுதான்.

உப்பிலிருந்து தொடங்குவோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு இந்தக் கரையில் கிடையாது. மிஷினுக்குள்ளேயும் அதே கதைதான். குளிரூட்டும் ஃபேன் வெளிக்காற்றோடு நுண்ணிய உப்பையும் உள்ளே இழுத்துப் போர்டின் மேல் படிய வைக்கிறது. பகலில் ஏ.சி. ஓடும்போது அது காய்ந்து சும்மா கிடக்கும். இரவில் ஏ.சி.யை அணைத்து அறையைப் பூட்டிய பிறகு ஈரம் ஏறும், உப்பு நீராகும், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். காலையில் ஸ்விட்ச் போட்டதும் மிஷின் ஏதோ ஒரு எரர் எண்ணைக் காட்டும். பத்து மணிக்கு மேல் தானே சரியாகிவிடும். என்ஜினியர் மதியம் வந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. இப்படி இரண்டு முறை ஏமாந்தபின்தான் எங்களுக்கு விளங்கியது.

பாம்பனில் நூறு வருடத்துக்கு மேல் நின்ற ரயில் பாலத்தின் இரும்பை இந்தக் காற்றுதான் தின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே இந்தக் கதி என்றால் ஸ்லிட் லாம்ப் பல்பு ஹோல்டரின் பித்தளை எம்மாத்திரம்.

அடுத்தது பனித்தல். வெளியே 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீர்த்துளியாகும். நம் மிஷின் அறை 23 டிகிரியில் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டு நாலு பேரைச் சேர்த்து உள்ளே விட்டால் லென்ஸ் பனிக்கும். பனித்துக் காய்ந்து, மறுபடி பனித்துக் காய்ந்து, உள்ளே பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். தொடக்கத்தில் துடைத்தால் போகும். நாள் பட்டால் லென்ஸின் பூச்சையே அரித்துவிடும், அதற்குப் பிறகு துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

காற்றும் மாறி மாறி வேலை செய்கிறது. கச்சான் அடிக்கிற மாதங்களில் மணல், வாடை தொடங்கினால் ஈரம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி வாரங்களில் சுவரே வியர்க்கும்.

இன்னொன்றைச் சொன்னால் வெளியூர் என்ஜினியர்கள் சிரிக்கிறார்கள். திருநீறு. நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வருகிறவர் நெற்றிப் பட்டியில் தலையை அழுத்தி வைக்கும்போது அது மாவு மாதிரி உதிர்ந்து நேராக லென்ஸ் பக்கம் போகிறது. ராமேஸ்வரம் போய்விட்டு வரும் வழியில் கண் காட்டுகிறவர்கள் எங்களுக்கு நிறைய. தலையில் எண்ணெயும் இருந்தால் திருநீறும் எண்ணெயும் சேர்ந்து ஒரு பசை. ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வதில் எங்களுக்கு முதலில் ஒரு தயக்கம் இருந்தது. "முடிச்சதும் மறுபடி பூசிக்கங்கய்யா" என்று ஒரு கிண்ணத்தில் திருநீறு வாங்கி வைத்த பிறகு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மின்சாரமும் கம்ப்யூட்டரும் மிச்சம். அவற்றைப் பின்னால் தொடுகிறேன்.

கம்பெனி ஒப்பந்தம்

இதில் இரண்டு வகை. ஏ.எம்.சி. என்றால் ஆள் வருவார், வேலை பார்ப்பார், ஸ்பேருக்குக் காசு நாம் கொடுக்க வேண்டும். சி.எம்.சி. என்றால் ஸ்பேரும் சேர்த்தி. கணக்குக்காக மிஷின் விலை 25 லட்சம், ஏ.எம்.சி. அதில் 3 சதவீதம், சி.எம்.சி. 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏ.எம்.சி. 75,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 88,500. சி.எம்.சி. 1,50,000, வரியோடு 1,77,000. ஐந்து வருடத்துக்கு சி.எம்.சி. மட்டும் 8,85,000 ஆகிறது. அந்த ஐந்து வருடத்தில் ஒரு பெரிய போர்டு போனால் ஒப்பந்தம் தன் செலவை மீட்டுவிடலாம். போகாவிட்டால் அது காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி, போனது போனதுதான்.

ஆனால் தொகையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. எவையெல்லாம் ஒப்பந்தத்தில் வராது என்ற பட்டியல். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த சேதம், ஈரத்தாலும் அரிப்பாலும் வந்த சேதம், எலி கடித்தது, பூஞ்சை, பல்பு, ஃப்யூஸ், பேட்டரி, கம்ப்யூட்டரில் வைரஸ். எங்கள் பழுது நோட்டைப் பார்த்துதான் இந்தப் பட்டியலை எழுதினார்களோ என்று தோன்றியது. இந்தக் கரையில் எவையெல்லாம் கெடுமோ அவை எல்லாமே வெளியே.

இது வெறும் சந்தேகம் இல்லை. முன்பு வைத்திருந்த வேறொரு மிஷினுக்கு சி.எம்.சி. போட்டிருந்தோம். பவர் சப்ளை போர்டு போனது. என்ஜினியர் திறந்து பார்த்தார், ஓரத்தில் பச்சைப் படலம். போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அரிப்பு, ஆகவே ஒப்பந்தத்தில் வராது என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த மனிதர் மேல் தப்பில்லை, அவருக்கே சங்கடம். போர்டுக்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம், ஒப்பந்தத்துக்கும் கட்டியிருந்தோம்.

அடுத்தது தூரம். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் ஒரு இரவு ரயில். மதுரையில் கிளை இருந்தால் ராமநாதபுரம் வரை 110 கிலோமீட்டர் சொச்சம், காலையில் கிளம்பி மதியத்துக்குள் எங்களிடம் வந்துவிடலாம். 2022 டிசம்பரிலிருந்து புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே போகவில்லை. ராமேஸ்வரத்தில் மிஷின் வைத்திருப்பவர்களிடம் என்ஜினியர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பஸ் பிடித்துத்தான் போனார்கள். ஒப்பந்தத்தில் '48 மணி நேரத்துக்குள் பதில்' என்று இருக்கும். அதில் 'பதில்' என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். போனில் பேசுவதும் பதில்தான். ஆள் வந்து சேரும் நேரம் எத்தனை, மிஷின் மறுபடி ஓடும் நேரம் எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்காவிட்டால் அந்த 48க்கு அர்த்தமில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் ஓ.சி.டி.க்குக் கம்பெனியை விட்டால் வேறு கதியில்லை என்றுதான் நினைக்கிறேன். அதன் உள் ஒளிப்பாதை 840 நானோமீட்டர் பக்கத்து ஒளியை விழித்திரைக்கு அனுப்பி, திரும்பி வருவதை இன்னொரு பாதையில் வரும் ஒளியோடு ஒப்பிட்டு, சில மைக்ரான் நுணுக்கத்தில் அடுக்கடுக்காகப் படமாக்குகிறது. அந்த ஒளிப்பாதையைச் சரி செய்யக் கம்பெனியின் சர்வீஸ் மென்பொருளும் பாஸ்வேர்டும் மாதிரிக் கண்ணும் வேண்டும். வெளி ஆள் திறந்தால் மூடலாம். பழையபடி அளக்குமா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுகோமா நோய் உள்ளவருக்கு விழித்திரையின் நரம்பிழை அடுக்கு போன வருடத்தை விட 6 மைக்ரான் குறைந்திருக்கிறது என்று படித்து மருந்தைக் கூட்டுகிறோம். அந்த 6 மைக்ரான் கண்ணில் குறைந்ததா, மிஷினில் குறைந்ததா என்ற கேள்விக்கு இடம் வைக்கக் கூடாது.

மதுரை என்ஜினியர்

மதுரை கண் மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் ஆரோலேப் வந்தது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே செய்தார்கள். இப்படி ஒரு ஊரில் கண் கருவிகளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எங்களுக்கு வருகிறவர் தனியாகத் தொழில் செய்பவர். பையில் மல்டிமீட்டர், சாலிடரிங் இரும்பு, பழைய மிஷின்களில் கழற்றிய உதிரிகள் ஒரு டப்பா.

ஸ்லிட் லாம்ப்புக்கு இவரை விட்டால் ஆள் இல்லை. கை வளைகிற இடத்தில் கேபிள் முறிவது, ஒளி கூட்டிக் குறைக்கும் திருகு தேய்வது, நகர்த்தும் தண்டில் துருவும் பிசினும் சேர்ந்து இறுகுவது, பிளவு சரியாக மூடாமல் ஒரு ஓரம் கசிவது எல்லாம் அவருக்கு அரை மணி வேலை. ஃபண்டஸ் கேமராவிலும் வெளிப்பக்க வேலைகள் பார்ப்பார்: மேசை மோட்டார், ஜாய்ஸ்டிக், ஃபிளாஷ் டியூப். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் மிஷினை அணைத்த பிறகும் சில நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் அந்தப் பக்கம் எங்கள் ஆட்களை விடுவதே இல்லை, அவர்தான்.

கூலி நியாயம். ஆனால் மூன்று விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்று, பழைய உதிரி. ஓடும், ஆனால் எத்தனை நாள் என்று கேட்டால், "ஓடுற வரைக்கும் ஓடும் தம்பி" என்பார். இரண்டு, அளவீட்டுச் சான்று கிடையாது. ஏ-ஸ்கேனில் இது சும்மா விடுகிற விஷயம் இல்லை. கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. தப்பினால் பொருத்தும் லென்ஸின் பவரில் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் தப்பும். அளக்கும் முனையான புரோபை யார் கழற்றிப் பூட்டினாலும் நீளம் தெரிந்த சோதனைக் கட்டையில் அளந்து, எழுதி வைத்த பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். மூன்றாவது, அவர் ஒரே ஆள். அவர் வீட்டில் விசேஷம் என்றால் நம் ஸ்லிட் லாம்ப்புக்கும் விடுமுறை.

பூஞ்சை பிடித்த லென்ஸைத் திறந்து துடைத்துத் தருவதாகவும் சொல்வார். ஸ்லிட் லாம்ப் மைக்ராஸ்கோப்புக்குச் சரி. ஃபண்டஸ் கேமராவின் உள் லென்ஸுகளுக்கு வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன். ஒளி வளையமாகப் போய்க் கண்மணியின் ஓரம் வழியாக உள்ளே நுழைந்து, நடு வழியாகத் திரும்ப வர வேண்டும். லென்ஸ் துளி இடம் மாறினாலும் படத்தின் ஓரத்தில் வெளிறிய பிறை விழும், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பிறை நம்மோடு இருக்கும்.

நம் ஆள்

மூன்றாவது வழியைத்தான் பல கிளினிக்குகளில் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. "நமக்கெதுக்குங்க அந்த வேலை" என்பார்கள். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் எங்கள் நோட்டில் இருக்கிற பழுதுகள் இந்த ஆளின் கைக்குள் அடங்குகிறவை.

கண் கருவிகள் பராமரிப்புக்கென்றே மதுரை அரவிந்தில் பயிற்சி நடத்துகிறார்கள். எங்கள் டெக்னீஷியன் பெண்ணை அனுப்ப முடிவானபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்க்ரூ டிரைவர் புடிச்சா சம்பளம் ஏறுமாண்ணே?" நியாயமான கேள்வி. ஏற்றினோம்.

இப்போது அவர் எப்படிப் பழுது தேடுகிறார் என்பதைச் சொன்னாலே இந்த வழியின் மதிப்பு தெரியும். ஃபண்டஸ் படத்தில் ஒரு புள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு பேரின் படத்தைப் பக்கத்தில் வைப்பார். இருவருக்கும் ஒரே இடத்தில் இருந்தால் கோளாறு மிஷினில். புள்ளி வெள்ளையாகவும் மங்கலாகவும் இருந்தால் பெரும்பாலும் முன் லென்ஸில் தூசி, ஃபிளாஷ் ஒளி அதில் பட்டுத் திரும்புகிறது. கறுப்பாக, கூர்மையாக இருந்தால் உள்ளே, கேமரா சென்சார் பக்கம். முதலாவதை அவரே முடிப்பார்: ரப்பர் பல்பால் ஊதி, போகாவிட்டால் லென்ஸ் தாளில் இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைப்பது. காய்ந்த தாளால் தேய்ப்பது இல்லை. மணல் துகள் ஒன்று இருந்தால் போதும், கோடு விழுந்துவிடும். வாயால் ஊதுவதும் இல்லை. இரண்டாவது வகைப் புள்ளி என்றால் தொடாமல் என்ஜினியருக்கு எழுதுவார்.

சாயம் ஏற்றி விழித்திரை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராஃபிக்கு இன்னொரு சோதனை உண்டு. நீல ஒளியை அனுப்பும் ஃபில்டரும், பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரும் ஈரத்தில் நாளாக ஆகக் கெடும். ஊசி போடுவதற்கு முன்பே இரண்டு ஃபில்டரையும் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அது கறுப்பாக இருக்க வேண்டும். விழித்திரை தெரிந்தால் ஃபில்டர்கள் ஒன்றுக்கொன்று கசிகின்றன. அந்தப் படத்தில் பின்னால் தெரியும் 'கசிவு' நோயாளியினுடையதா, ஃபில்டருடையதா என்று டாக்டருக்குத் தெரியாது.

ஓ.சி.டி.யில் படம் மங்கினால் வரிசை வேறு. எங்கள் மிஷின் சிக்னல் வலிமையை 10க்கு இத்தனை என்று காட்டும், 6க்குக் கீழே வந்தால் அந்த ஸ்கேனை நம்புவதில்லை. முதலில் நோயாளியைக் கண் சிமிட்டச் சொல்லுங்கள், காய்ந்த கண்ணாக இருந்தால் கண்ணீர்ச் சொட்டு விடுங்கள். அடுத்து லென்ஸைப் பாருங்கள். அப்புறம் கண்புரை இருக்கிறதா என்று. அதற்கும் பிறகு, புரை இல்லாத நம் ஸ்டாஃப் ஒருவரை உட்கார வைத்து எடுங்கள். அவருக்கும் குறைந்தால்தான் மிஷினில் கோளாறு. இந்த நாலாவது படிக்கு முன்னாலேயே கம்பெனிக்குப் போன் போட்ட காலம் எங்களுக்கு உண்டு. ஒருமுறை இரவு ரயிலில் வந்த என்ஜினியர் லென்ஸைத் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, மறு ரயிலுக்குப் போனார். பில் மட்டும் மறக்காமல் வந்தது.

கம்ப்யூட்டர் பக்கம் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் மிஷினின் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். கடிகாரம்தானே என்று விட்டுவிடக் கூடாது. நோயாளியின் வயதைப் பிறந்த தேதியிலிருந்தும் இன்றைய தேதியிலிருந்தும்தான் மிஷின் கணக்கிட்டு, அந்த வயதுக்காரர்களின் அளவோடு ஒப்பிடுகிறது. 62 வயதுக்காரரை 40 வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் சிவப்பு காட்டிவிடும். ஒரு மலிவு பேட்டரி, இல்லாத குளுகோமாவைக் காட்டுகிறது. தினமும் காலையில் தேதியைப் பார்ப்பது எங்கள் முதல் வேலை. இரண்டாவது, முந்தைய நாள் படங்கள் தனி ஹார்டு டிஸ்க்கில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பது. மிஷினோடு வந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. அதில் நெட் இணைப்பை எடுத்துவிடுவது நல்லது. யாரும் அதில் பாட்டுப் பென்டிரைவ் செருகவும் கூடாது. செருகியிருக்கிறார்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு, பெரிய குறை. ஆள் போய்விடுவார். பயிற்சி முடித்த கை என்றால் மதுரையிலும் சென்னையிலும் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகலாம், வளைகுடாவுக்குப் போகலாம். கீழக்கரைப் பக்கம் இருந்துகொண்டு இதைப் பற்றி ஆச்சரியப்பட முடியாது. அதனால்தான் நோட்டு. எந்த மிஷின், என்ன காட்டியது, அன்று மழையா, என்ன செய்தார், சரியானதா. எரர் எண்ணைப் போனில் படம் எடுத்து ஒட்டுவது. இன்னொருவரைக் கூடவே பழக்குவது. இதெல்லாம் செய்தும் போகிறவர் போகும்போது பாதி அறிவு அவரோடு போகத்தான் செய்யும்.

இன்னொரு ஆபத்து, தைரியம் கூடிப்போவது. அவருக்கு ஒரு எல்லைக் கோடு போட்டிருக்கிறோம்: மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி சீல் வைத்த எதையும் திறப்பதில்லை. ஃப்யூஸ் ஒரே நாளில் இரண்டு முறை போனால் மூன்றாவது ஃப்யூஸ் போடுவதில்லை.

அறைக்குச் செலவு

மூன்று வழிகளையும் அடுக்கிப் பார்த்தபின்தான், மெயிலில் இல்லாத நாலாவது ஒன்று எனக்குப் பட்டது. பணத்தை ஆளுக்குக் கொடுக்கும் முன் அறைக்குக் கொடுப்பது.

சுவரில் ஒரு ஈரப்பதமானி, சில நூறு ரூபாய். 55க்கு மேல் ஏறினால் ஈரம் உறிஞ்சும் மிஷினைப் போடுவது. மாலையில் ஏ.சி.யைத் திடீரென அணைத்துக் கதவைத் திறந்து போடாமல், கதவை மூடியே வைத்து அறை மெதுவாகச் சூடேற விடுவது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தையற்காரரிடம் உறை தைத்துக்கொண்டோம். கழற்றக்கூடிய லென்ஸுகளுக்கு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல். நீல நிறத்தது ஈரம் குடித்தால் ரோஸாகும், ஆரஞ்சு நிறத்தது பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சே மேல். 110 டிகிரி பக்கம் ஓவன் அடுப்பில் வைத்து உலர்த்தினால் பழைய நிறத்துக்கு வரும், மறுபடி பயன்படும்.

மின்சாரத்துக்கு, கரண்ட் இருக்கும்போதும் அதைச் சீராக்கியே தரும் ஆன்லைன் யு.பி.எஸ். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓ.சி.டி.யைப் போடவே கூடாது. பேட்டரியைச் சூடான இடத்தில் வைத்தால் பத்து டிகிரி கூடுவதற்கு ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது, ஆகவே மாடிப்படிக்குக் கீழே இருந்ததை உள்ளே கொண்டுவந்தோம். எர்த் குழி இந்தப் பக்கத்து மணலில் கோடையில் காய்ந்துபோகும், குழாயும் அரித்துப்போகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள், 2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. எங்களுக்கு 11 காட்டியது. 'மிஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது' என்று நோட்டில் ஐந்தாறு இடத்தில் இருந்ததற்குக் காரணம் மிஷினில் இல்லை, முற்றத்தில் இருந்தது.

இத்தனைக்கும் சேர்த்து, மேலே போட்ட கணக்கில் வரும் ஒரு வருட சி.எம்.சி. தொகை ஆகவில்லை. இன்னொரு லாபம், அரிப்பு என்று சொல்லி ஒப்பந்தத்தைத் தட்டிவிடும் வாய்ப்பும் குறைகிறது. ஈரப்பதத்தைத் தினம் எழுதி வைத்த தாள் நம் கையில் இருக்கிறது.

எங்கள் முடிவு, மற்றவர்களுக்கு

ஆகவே ஒரே வழியை எல்லா மிஷினுக்கும் போடவில்லை. ஓ.சி.டி.க்கு சி.எம்.சி. ஃபண்டஸ் கேமராவுக்கு ஒப்பந்தம் வேண்டாம், வருடம் ஒருமுறை கம்பெனி ஆளைக் காசு கொடுத்து வரவழைத்து ஒளிப்பாதையைப் பார்க்கச் சொல்வது, மற்ற வேலைக்கு மதுரைக்காரர். ஸ்லிட் லாம்ப்பும் மற்றவையும் நம் ஆள், முடியாதபோது மதுரைக்காரர். ஏ-ஸ்கேனை வாரம் ஒருமுறை சோதனைக் கட்டையில் அளந்து எழுதுவது.

ராமநாதபுரம் டவுனுக்குள் இருப்பவர்களுக்கு ஃபண்டஸ் கேமராவுக்கும் ஏ.எம்.சி. கட்டுப்படியாகலாம், மதுரைக் கிளையிலிருந்து ஆள் அன்றே வந்து போகலாம். தீவில் இருப்பவர்களுக்கு நான் தலைகீழாகச் சொல்வேன்: முதல் ரூபாய் நம் ஆளுக்கும் அறைக்கும், ஒப்பந்தம் கடைசியில். ஓ.சி.டி. வாங்கலாமா என்றே இன்னும் யோசிப்பவர்கள், மாதத்துக்கு எத்தனை ஸ்கேன் எடுப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து என்றால் மதுரைக்கு அனுப்புவதே மேல். வாங்கிய மிஷின் பழுதாகி ஒரு வாரம் நின்றால், தொண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து திரும்பிப் போனவர் மறுபடி வருவதில்லை. மதுரைக்கும் போவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

கம்பெனிக்கு அனுப்பிய பதிலில் மூன்று மாற்றம் கேட்டேன். ஈரப்பதப் பதிவு இருந்தால் அரிப்பை விலக்கக் கூடாது. மிஷின் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் மாற்று மிஷின், அல்லது ஒப்பந்தக் காலத்தில் அந்த நாட்களைக் கூட்டித் தருவது. 48 மணி நேரம் என்பது ஆள் வந்து சேரும் நேரம். முதலாவதைப் பாதி ஒப்புக்கொண்டார்கள், வெளி மூடிக்குள் மட்டும் என்று. இரண்டாவதில் நாட்களைக் கூட்டுவதற்குச் சரி என்றார்கள். மூன்றாவது வரியை மட்டும் மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள், 'பதில்' என்றே இருந்தது. நான் அதன் கீழே பேனாவால் 'போன் அல்ல, ஆள்' என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் எடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். வாரண்டி முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.